உப்புக்காற்றுக் கரையில் மின்பணி ஒப்பந்தம்: இராமநாதபுரம் கடலோரக் கட்டட உரிமையாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

மண்டபம் பகுதியில் இயங்கிய ஓர் ஐஸ் கம்பெனியின் பிரதான பேனல் போர்டைத் திறந்து பார்த்துச் சொல்லும்படி சில ஆண்டுகளுக்கு முன் என்னை அழைத்திருந்தார்கள். அதை நிறுவி இருபது மாதங்களே ஆகியிருந்தன. ஆனால் செம்புப் பட்டைகள் பச்சை பூத்திருந்தன, அலுமினியக் கேபிள் முனைகளில் வெண்தூள் படிந்திருந்தது, கதவின் கீல்கள் துருவேறி இறுகிப்போயிருந்தன, கம்ப்ரஸருக்குச் செல்லும் ஒரு பேஸின் லக் (கேபிள் முனையில் பொருத்தும் உலோக இணைப்புத் துண்டு) கருகி அதன் மேலிருந்த உறை உருகி வழிந்திருந்தது. வயர்மேன் செய்த வேலையில் குறை காண முடியவில்லை. ஒவ்வொரு வயரும் வரிசையாகக் கட்டப்பட்டு, எண் ஒட்டப்பட்டு, பார்ப்பதற்கு அழகாகவே இருந்தது. அதே பேனல் மதுரையில் இருந்திருந்தால் பதினைந்து ஆண்டுகள் உழைத்திருக்கும். உரிமையாளர் எடுத்துக் காட்டிய கொட்டேஷனை முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். அதில் கடல், உப்பு, துரு ஆகிய சொற்களில் ஒன்றுகூட இல்லை.

இந்தக் கரையில் ஐஸ் கம்பெனி, மீன் பதனிடும் கூடம், படகு கட்டும் தளம், லாட்ஜ், திருமண மண்டபம், மருத்துவமனை என எதைக் கட்டினாலும், மின்பணியைத் தொடங்குவதற்கு முன்பே உப்பை ஒப்பந்தத்தில் எழுத்தில் கொண்டுவந்துவிட வேண்டும் என்பதே என் அனுபவம் சொல்வது. பணி முடிந்தபின் பூசும் பெயின்டும் தெளிக்கும் திரவமும் அந்த எழுத்தின் வேலையைச் செய்யா. அதை எப்படி எழுதுவது, எழுதியபடி நடக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது, முடிந்தபின் எப்படிக் காப்பது என்பவற்றைக் கட்டட உரிமையாளரின் பக்கம் நின்று கீழே சொல்கிறேன்.

காற்றையும் இடத்தையும் முதலில் பாருங்கள்

தொண்டி, தேவிபட்டினம் பக்கம் வடகடல். கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் பக்கம் தென்கடல். மண்டபத்திலிருந்து பாம்பன், தங்கச்சிமடம் வழியாக இராமேசுவரம் வரை இரண்டு கடலும் இருபுறமும். கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளித்து, உப்புத்துளிகளைக் கரைக்கு உள்ளே தள்ளுகிறது. வாடை வீசும் மாதங்களில் வடகடல் அதே வேலையைச் செய்கிறது. ஆகவே, மின் அறைக்கு இடம் குறிக்கும்போது உங்கள் மனைக்கு எந்தக் காற்று நேராக வருகிறது என்பதை அக்கம்பக்கத்து மீனவரிடம் கேட்டு, அறையின் கதவும் சன்னலும் அந்தத் திசையைப் பார்க்காதபடி அமைக்கச் சொல்லுங்கள். தீவுப் பகுதியில் இரு காற்றும் அடிப்பதால், கட்டடத்தின் நடுப்பகுதியில் உள்ள ஓர் அறையே நல்லது. மொட்டை மாடியில் தகரக் கூரை போட்டு அதன் கீழ் பேனலை வைப்பது இந்த ஊர்களில் வழக்கமாகிவிட்டது. அது வேண்டாம்.

உப்பு எப்படிக் கெடுக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்ற முடிவுகள் எளிதாகும். காற்றில் வரும் உப்பு ஒரு மென்படலமாகப் பலகையின் மேல் படிகிறது. காய்ந்திருக்கும் வரை அதனால் பெரிய தீங்கில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது சமையல் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைகிறது. கடலுப்பில் மக்னீசியம் உப்புகளும் கலந்திருப்பதால் அது இன்னும் குறைந்த ஈரப்பதத்திலேயே கசியத் தொடங்கும். கரைந்த படலத்தின் வழியே மின்சாரம் பாயும். இந்தக் கரையில் விடியற்காலையில் காரணமின்றி ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) ட்ரிப் ஆவதும், வெயில் ஏறியபின் அதே கருவி ஒன்றும் நடக்காததுபோல் நிற்பதும் பெரும்பாலும் இதனால்தான். அப்படி ட்ரிப் ஆகும் கருவியைக் கழற்றிவிட்டு நேர் இணைப்புக் கொடுத்துவிடும் வழக்கம் உயிரைப் பறிக்கக்கூடியது. ஈரம் எங்கே தங்குகிறது என்று தேடுவதே சரியான வழி.

அறையின் தரைமட்டமும் முக்கியம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கொண்டுபோன புயலை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்துவிடவில்லை. அத்தகைய பேரலை ஒருபுறமிருக்க, ஐப்பசி கார்த்திகை மழையில் தெருத் தண்ணீர் உள்ளே வருவதே பல இடங்களில் வழக்கம். உங்கள் பகுதியில் இதுவரை தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்பதை விசாரித்து, அதற்கும் மேலே பேனலின் அடிப்பீடம் அமையும்படி கட்டுமானக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பேனலுக்கு முன்னால் குறைந்தது 1 மீட்டர் வெற்றிடம் விட வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. அந்த இடத்தில் வலை மூட்டையும் மீன் பெட்டியும் அடுக்கும் பழக்கம் பின்னால் வராதபடி அறையைச் சற்றுப் பெரிதாகவே கட்டுங்கள்.

சுமைப் பட்டியலை நீங்களே எழுதுங்கள்

ஒப்பந்ததாரரை அழைப்பதற்கு முன், கட்டடத்தில் ஓடப்போகும் ஒவ்வொரு கருவியின் பெயர், திறன், எண்ணிக்கை, எந்நேரத்தில் ஓடும் என்பவற்றை ஒரு தாளில் எழுதிவையுங்கள். பட்டியல் இல்லாமல் கேட்கும் கொட்டேஷன்களை ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது, ஏனெனில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு சுமையை மனத்தில் வைத்து விலை சொல்லியிருப்பார்கள்.

ஐஸ் கம்பெனி என்றால் கம்ப்ரஸர், உப்புநீர்த் தொட்டியைக் கலக்கும் மோட்டார், கண்டன்சர் பம்பு, ஐஸ் கேன்களைத் தூக்கும் கிரேன், ஐஸ் உடைக்கும் இயந்திரம் என்று அடுக்க வேண்டும். 50 குதிரைத்திறன் கம்ப்ரஸர் மோட்டார் முழுச் சுமையில் ஏறத்தாழ 70 ஆம்பியர் எடுக்கும். நேரடியாகத் தொடக்கினால் அதன் ஆறு மடங்கு, அதாவது 400 ஆம்பியருக்கு மேல் ஒரு கணம் இழுக்கும். ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் வைத்தால் அது மூன்றில் ஒரு பங்காகக் குறையும். மின்வழித்தடத்தின் கடைக்கோடியில் இருக்கும் ஊர்களில் மின்னழுத்தம் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும் என்பதால், மோட்டாரை மெல்லத் தொடக்கும் சாப்ட் ஸ்டார்ட்டரோ வேகக் கட்டுப்பாட்டு டிரைவோ வைப்பதற்கான செலவு வீண் போகாது. ஆனால் டிரைவின் மின்னணு அட்டைகள் உப்புக்கு மிக எளிதில் இரையாகக்கூடியவை. பாதுகாப்புப் பூச்சு இட்ட அட்டை உள்ள டிரைவ் வேண்டும் என்று தனியாக எழுதிக் கேட்க வேண்டும்.

இராமேசுவரத்து லாட்ஜ் என்றால் கணக்கு வேறு. எல்லா அறைகளும் ஒரே நேரத்தில் மின்சாரம் எடுக்கா என்று கருதிச் சுமையைக் குறைத்துப் போடுவது மற்ற ஊர்களில் சரியாக இருக்கலாம். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் இங்கே ஓர் அறைகூடக் காலியாக இராது, வந்தவர்கள் எல்லாரும் அதிகாலையில் ஒரே நேரத்தில் எழுவார்கள். 40 அறைகளில் 2 கிலோவாட் கீசர் ஒன்றாக ஓடினால் அதுவே 80 கிலோவாட். ஏ.சி., லிப்ட், தண்ணீர் மோட்டார் எல்லாம் அதற்கு மேல். அந்த ஒரு விடியற்காலையை மனத்தில் வைத்துப் பிரதான கேபிளின் பருமனை முடிவு செய்யச் சொல்லுங்கள். இல்லையேல், சூரிய வெந்நீர்க் கலத்தை வைத்துக் கீசர் சுமையையே குறைத்துவிடுங்கள். மூன்று பேஸ்களிலும் அறைகளைச் சமமாகப் பிரித்திருக்கிறார்களா என்பதையும் தாளிலேயே காட்டச் சொல்ல வேண்டும். நியூட்ரல் இணைப்பு துருப்பிடித்து விட்டுப்போனால், சுமை குறைந்த பேஸில் மின்னழுத்தம் 230 வோல்ட்டைத் தாண்டி எகிறி, அந்த வரிசையில் உள்ள டி.வி.யும் ஏ.சி.யும் ஒன்றாகக் கருகும்.

யாரிடம் ஒப்படைப்பது

தமிழ்நாட்டில் மின் ஒப்பந்தப் பணி செய்வோர் தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமங்களில் தரங்கள் உண்டு. உங்கள் கட்டடத்தின் மின்னழுத்தத்திற்கும் சுமைக்கும் அந்தத் தரம் இடம் தருகிறதா, உரிமம் புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று அசலையே வாங்கிப் பாருங்கள். அதோடு, பணியிடத்தில் நிற்கப்போகும் மேற்பார்வையாளரின் தகுதிச் சான்றிதழையும் வயர்மேன்களின் சான்றிதழ்களையும் கேட்க வேண்டும். உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, வேலையை வேறொருவர் எடுத்து, சான்றிதழே இல்லாத இளைஞர்கள் ஏணியில் நிற்பது பல இடங்களில் நான் கண்ட வேதனை. விபத்து நேர்ந்தால் அந்தக் குடும்பங்களுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. தொழிலாளர் காப்பீடு இருக்கிறதா என்று கேட்பது உரிமையாளரின் கடமையும்கூட.

அடுத்ததாக, அந்த ஒப்பந்ததாரர் கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் செய்து முடித்து, குறைந்தது இரண்டு கச்சானைப் பார்த்துவிட்ட ஒரு பணியைக் காட்டச் சொல்லுங்கள். புதிதாக முடித்த பணி எல்லாருடையதும் பளபளப்பாகத்தான் இருக்கும். இரண்டு ஆண்டு கழிந்த பேனலை, மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் திறந்து பார்த்தால், அவர் என்ன பொருள் போடுகிறவர் என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அதைக் காட்டத் தயங்காதவரே விலை சற்றுக் கூடினாலும் உங்களுக்கு உகந்தவர்.

மின்வாரிய இணைப்புக்கான விண்ணப்பம், உயரழுத்த இணைப்பும் டிரான்ஸ்பார்மரும் இருந்தால் மின் ஆய்வுத் துறையின் ஒப்புதல், லிப்டுக்கான உரிமம் ஆகியவற்றில் எவை யார் பொறுப்பு என்பதைக் கொட்டேஷனிலேயே பிரித்து எழுதிவிடுங்கள். கட்டடம் எழும்பி, மின்சாரத்துக்காக மூன்று மாதம் காத்திருப்பவர்கள் பெரும்பாலும் இதை வாய்மொழியாக விட்டவர்கள்.

பொருள்களின் பெயரைச் சொல்லி எழுதுங்கள்

“தரமான பொருள்கள் பயன்படுத்தப்படும்” என்ற வரி கொட்டேஷனில் இருந்தால் அதை அடித்துவிட்டு, ஒவ்வொரு பொருளும் எந்த உலோகம், எந்தப் பூச்சு, எந்தத் தரக்குறியீடு என்று எழுதச் சொல்லுங்கள். ஒப்பந்தம் முழுவதிலும் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான்.

பேனல் பெட்டியிலிருந்து தொடங்குவோம். பவுடர் பூச்சு இட்ட சாதாரண இரும்புத் தகடு அறைக்குள் இருக்கும் பேனலுக்குப் போதும், ஆனால் கேபிள் நுழையத் துளை போட்ட இடத்தில் பூச்சு உடைந்து, துரு அங்கிருந்து பரவும். துளைகளைத் தொழிற்கூடத்திலேயே போட்டு, அதன் பிறகு பூச்சு இட்டுக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். வெளிப்புறத்திலும் மீன் கழுவும் கூடத்திலும் இரும்புப் பெட்டியே வேண்டாம். கண்ணாடியிழைப் பெட்டியோ பாலிகார்பனேட் பெட்டியோ நெடுநாள் நிற்கும். எவர்சில்வர் போடுகிறேன் என்று சொன்னால் எந்த எண் என்று கேளுங்கள். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் 304 வகை, கடற்கரையில் சில மாதங்களிலேயே தேநீர்க் கறைபோலப் பழுப்பு பூக்கும், பிறகு புள்ளி புள்ளியாக அரிக்கும். மாலிப்டினம் கலந்த 316 வகைதான் இங்கே தாங்கும். பெட்டிக்கு 316 போட்டுவிட்டுத் திருகாணிக்கும் கீலுக்கும் சாதாரண இரும்பு போடுவதால் பயனில்லை.

வெளியில் வைக்கும் பெட்டி, தூசும் நீரும் புகாமையைக் குறிக்கும் ஐ.பி. எண்ணில் 65 தரமாவது இருக்க வேண்டும். தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் இடங்களில் ஐ.பி. 66 வேண்டும். ஆனால் இறுக மூடிய பெட்டியும் மூச்சு விடும். பகலில் உள்ளேயுள்ள காற்று சூடாகி விரிந்து வெளியேறும், இரவில் குளிர்ந்து சுருங்கும்போது கடற்காற்றை உள்ளிழுக்கும், அந்த ஈரம் உள்சுவரில் முத்து முத்தாகக் கோத்து நிற்கும். ஆகவே கேபிள்கள் பெட்டியின் அடிப்பக்கமாகவே நுழைய வேண்டும், அடியில் நீர் வடியும் அடைப்பான் இருக்க வேண்டும், பெரிய பேனல்களுக்குள் வெப்பமூட்டி ஒன்றும் அதற்கொரு தெர்மோஸ்டாட்டும் வைக்க வேண்டும். பேனல் ஓடாமல் நிற்கும் நாட்களில்தான் ஈரம் அதிகம் சேரும் என்பதால், வெப்பமூட்டிக்கான மின்சாரம் பிரதான ஸ்விட்சை அணைத்தாலும் நிற்காத வழியில் வர வேண்டும். அப்படித் தனியாக வரும் வழியைப் பேனலின் கதவில் எழுதி ஒட்டிவிடுங்கள், அணைத்துவிட்டதாக நம்பி யாரும் அதில் கை வைத்துவிடக் கூடாது.

கேபிளில் அலுமினியமா செம்பா என்பது எப்போதும் எழும் கேள்வி. பெரிய பருமனில், ஆர்மர் (உலோகக் கவசம்) உள்ள அலுமினியக் கேபிள் விலையில் வெகுவாகக் குறைவு. அதை முழுவதும் தவிர்க்கச் சொல்ல மாட்டேன். ஆனால் அலுமினியமும் செம்பும் நேருக்கு நேர் தொடும் இடத்தில், உப்பீரம் சேர்ந்தவுடன், மின்கலம்போல ஒன்று உருவாகி அலுமினியம் கரைந்துபோகிறது. தொடக்கத்தில் நான் சொன்ன கருகிய லக் அப்படிப்பட்டதுதான். அந்த இணைப்பில் இரு உலோக லக் போட்டு, ஆக்சைடு படியாமல் காக்கும் பசை தடவி, சரியான அச்சுள்ள கிரிம்பிங் கருவியால் அழுத்தி, மேலே வெப்பத்தில் சுருங்கும் உறை போட்டு மூடினால் அலுமினியமும் நன்றாகவே உழைக்கும். செம்புப் பட்டைகளுக்கும் லக்குகளுக்கும் ஈயம்போல் வெள்ளையாகத் தெரியும் வெள்ளீயப் பூச்சு கட்டாயம் வேண்டும்.

ஐஸ் கம்பெனிக்காரர்களுக்கும் குளிர்பதனக் கிடங்கு வைத்திருப்போருக்கும் மட்டும் தனியாக ஒன்று. அமோனியா, ஈரத்தோடு சேர்ந்தால், செம்பையும் பித்தளையையும் அரிக்கும். அமோனியாக் கம்ப்ரஸர் இருக்கும் அறைக்குள் பித்தளைக் கிளாண்டும் (கேபிள் நுழையும் துளையை இறுக்கி அடைக்கும் பாகம்) திறந்த செம்புத் தொடுப்புகளும் கூடா. நைலான் கிளாண்டோ 316 எவர்சில்வர் கிளாண்டோ போட வேண்டும். காற்றில் ஏறத்தாழ 15 முதல் 28 விழுக்காடு வரை அமோனியா கலந்தால் அது தீப்பற்றவும் கூடும். ஆதலால் ஸ்டார்ட்டர் பேனலைக் கம்ப்ரஸர் அறைக்கு வெளியே வைத்து, கம்ப்ரஸரை நிறுத்தும் அவசரப் பொத்தானைக் கதவுக்கு வெளிப்புறம் பொருத்த வேண்டும், அறையின் வெளியேற்று விசிறிக்கான ஸ்விட்சும் வெளியிலேயே இருக்க வேண்டும். வாயு கசிந்த அறைக்குள் ஸ்விட்சைத் தேடிப் போகும் நிலை எந்தத் தொழிலாளிக்கும் வரக் கூடாது.

வயர் செல்லும் குழாய்களுக்குத் தடித்த பி.வி.சி. கண்ட்யூட்டே போதும், இரும்புக் குழாய் வேண்டியதில்லை. கேபிள் தாங்கும் தட்டுகளுக்கு, துளையிட்டு வெட்டிய பிறகு துத்தநாகக் குளியலில் தோய்த்தெடுத்த வகையைக் கேளுங்கள். மெல்லிய பூச்சிட்ட தகட்டை வெட்டிச் செய்யும் மலிவான தட்டுகள் வெட்டுவிளிம்பிலிருந்தே துருப்பிடிக்கும். மீன் கூடத்துக்குக் கண்ணாடியிழைத் தட்டு இன்னும் மேல். சுவருக்குள் புதைக்கும் ஸ்விட்ச் பெட்டிகளும் பிளாஸ்டிக்கில் இருக்கட்டும். உவர்நீரில் குழைத்த சாந்தும் கடற்கரை மணலும் இந்தப் பகுதியில் எப்படியோ சுவருக்குள் வந்துவிடுகின்றன. அவற்றில் பதித்த இரும்புப் பெட்டிகள் இரண்டே ஆண்டில் தாள்போலப் பொடிந்து நான் பார்த்திருக்கிறேன்.

எர்த்து

கடற்கரையில் எர்த்து, அதாவது நில இணைப்பு, எளிது என்று ஒரு நம்பிக்கை உண்டு. உவர்மண்ணில் மின்தடை குறைவு என்பது உண்மை. ஆனால் அதே உவர்மண் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயைத் தின்றுவிடும். அடியில் குழாயே இல்லாமல் மேலே தலை மட்டும் நீட்டிக்கொண்டிருந்த எர்த்துக் குழிகளை நான் தோண்டிப் பார்த்திருக்கிறேன். தீவின் மணல்மேடுகளிலோ நிலைமை நேர்மாறானது. உலர்ந்த மணல் மின்சாரத்தை ஏறக்குறைய கடத்தாது, எனவே கம்பி உலர் மணலைத் தாண்டி நிலத்தடி நீரைத் தொடும் ஆழம் வரை போக வேண்டும்.

செம்பு பிணைத்த எஃகுக் கம்பிகளை இறக்கி, சுற்றிலும் பென்டோனைட் களிமண் அல்லது அதுபோன்ற நிரப்புப் பொருளைப் போடச் சொல்லுங்கள். கரியும் உப்பும் கொட்டும் பழைய முறை உள்நாட்டுக்கு உரியது. உப்பு ஏற்கெனவே மிகுந்திருக்கும் மண்ணில் இன்னும் உப்பைக் கொட்டுவது கம்பியின் ஆயுளை நாமே குறைப்பதாகும். மோட்டார், டிரான்ஸ்பார்மர், ஜெனரேட்டர் ஆகியவற்றின் உடலுக்கு இரண்டு தனித்தனி எர்த்து இணைப்புகள் வேண்டும் என்பது விதி. கடற்கரையில் ஒன்று அரித்துப்போனாலும் மற்றது உயிர் காக்கும் என்பதால், இங்கே அந்த விதியின் அருமை கூடுதல். இரண்டையும் ஒரே ஆணியில் முடுக்கிவிட்டு இரண்டு கொடுத்துவிட்டோம் என்று சொல்வதை ஏற்காதீர்கள்.

எர்த்தின் தடையை எப்போது அளக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். இந்த மாவட்டத்தின் மழை பெரும்பாலும் வடகிழக்குப் பருவத்தில் பெய்வது. மார்கழியில் அளந்தால் எல்லாக் குழிகளும் நல்ல எண்ணையே காட்டும். வைகாசி வெயிலில் அளந்த எண்ணே நம்பத் தக்கது. பணி மழைக்காலத்தில் முடிந்தால், கோடையில் ஒருமுறை மறுபடி வந்து அளந்து தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள். அளந்த நாளையும் ஓம் அளவையும் குழியின் மூடியருகே சுவரில் பெயின்டால் எழுதிவைப்பது நல்ல பழக்கம். செய்முறை விவரங்களுக்கு ஐ.எஸ். 3043 என்ற இந்தியத் தர விதி இருக்கிறது, அதைப் பின்பற்றுவதாக எழுதி வாங்குங்கள். இடிதாங்கியின் எர்த்தும் மின்பணியின் எர்த்தும் நிலத்தடியில் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும், பிரதான பேனலில் மின்னெழுச்சித் தடுப்புக் கருவியும் வேண்டும்.

ஜெனரேட்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மின்வாரியத் தடமும் ஜெனரேட்டரும் ஒருபோதும் ஒன்றாக இணைய முடியாதபடி பூட்டமைந்த சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச், நான்கு துருவம் உள்ளதாக, இருக்க வேண்டும். மின்தடை நேரத்தில் கம்பத்தில் ஏறியிருக்கும் மின்வாரியப் பணியாளருக்கு உங்கள் ஜெனரேட்டரின் மின்சாரம் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

வேலை நடக்கும்போதும் முடியும்போதும்

சுவரும் தரையும் மூடுவதற்கு முன் ஒவ்வொரு பகுதியையும் படம் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். குறைந்த அழுத்தக் கேபிள் தரைக்குள் 75 சென்டிமீட்டர் ஆழத்திலும், 11 கிலோவோல்ட் கேபிள் 90 சென்டிமீட்டர் ஆழத்திலும் போக வேண்டும். கீழும் மேலும் மணலும், அதற்கு மேல் செங்கல்லோ மூடுபலகையோ வைத்து மூட வேண்டும். கரையோர மணல் காற்றில் இடம் பெயரும். இன்று 75 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடக்கும் கேபிள், இரண்டு கச்சானுக்குப் பிறகு கால் தட்டும் ஆழத்திற்கு வந்துவிடக்கூடும். ஆதலால் பாதையைக் காட்டும் கல்தூண்களை நட்டு, ஆண்டுதோறும் அந்த வழியே நடந்து பார்க்க வேண்டும்.

இறுதிச் சோதனைகள் உங்கள் கண்முன் நடக்க வேண்டும். 500 வோல்ட் மெகர் கருவியால் ஒவ்வொரு சுற்றின் காப்புத் தடையையும் (வயரின் உறை மின்கசிவைத் தடுக்கும் அளவு) அளக்கையில் 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் ஏற்கக் கூடாது. புதிய வயரிங்கில் அதைவிடப் பல மடங்கு காட்டுவதே இயல்பு. மனிதர் தொடும் சாக்கெட் சுற்றுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா, சோதனைக் கருவியால் கசிவைச் செலுத்தியதும் அது விழுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். மோட்டார் முனையில் முழுச் சுமையில் மின்னழுத்தம் 5 விழுக்காட்டுக்கு மேலும், விளக்குகளில் 3 விழுக்காட்டுக்கு மேலும் இறங்கக் கூடாது. முழுச் சுமையில் இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, வெப்பம் காட்டும் கேமராவால் எல்லா இணைப்புகளையும் படம் எடுப்பது மிகவும் பயன் தரும். சூடேறும் லக் கண்ணுக்குத் தெரிவதற்கு நெடுநாள் முன்பே அதில் தெரிந்துவிடும்.

சோதனை அளவுகள் அடங்கிய கையெழுத்திட்ட சான்று, செய்து முடித்தபடியான வரைபடம், கருவிகளின் கையேடுகள் ஆகிய மூன்றும் கைக்கு வந்த பிறகே இறுதித் தொகையைக் கொடுங்கள். அதிலும் 5 முதல் 10 விழுக்காட்டை, ஒரு முழுக் கச்சான் காலம் கழிந்து பேனலைத் திறந்து பார்த்தபின் தருவதாக முன்பே பேசிக்கொள்ளுங்கள். நேர்மையான ஒப்பந்ததாரர் யாரும் இதற்கு வருந்தியதில்லை.

ஆண்டுப் பராமரிப்பு

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. ஐஸ் கம்பெனிக்கும் மீன் கூடத்துக்கும் வேலை குறையும் அந்த நாட்கள்தான் மின்பணிப் பராமரிப்புக்குக் கிடைக்கும் ஒரே நீண்ட ஓய்வு. எர்த்தை அளக்க ஏற்ற வறண்ட காலமும் அதுவே. தடை தொடங்கும் முன்பே ஒப்பந்ததாரரிடம் நாள் குறித்துவிடுங்கள். மே மாதக் கடைசியில் எல்லாக் கம்பெனிகளும் ஒரே வயர்மேனைத் தேடிக்கொண்டிருக்கும்.

மின்சாரத்தை நிறுத்தி, ஸ்விட்சைப் பூட்டிச் சாவியைப் பணி செய்பவரே வைத்துக்கொண்டு, கெப்பாசிட்டர்களில் தேங்கிய மின்சாரத்தை வடித்து, மின்சாரம் இல்லை என்பதைக் கருவியால் உறுதிசெய்த பிறகே கதவைத் திறக்க வேண்டும். படிந்த உப்பை உலர்ந்த தூரிகையாலும் உறிஞ்சு கருவியாலும் எடுக்க வேண்டும். காற்றழுத்தத்தால் ஊதினால் உப்பு இடுக்குகளுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். ஒவ்வொரு இணைப்பையும் உரிய முறுக்குவிசை அளவில் மறுபடி முடுக்கி, மெகர் அளவுகளைச் சென்ற ஆண்டின் அளவுகளோடு பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். 50 மெகா ஓம் இருந்த கேபிள் ஓராண்டில் 5 ஆகியிருந்தால், அது இன்னும் வரம்புக்குள் இருந்தாலும், எங்கோ நீர் நுழைந்துவிட்டது என்று பொருள்.

லாட்ஜ்காரர்களுக்குத் தடைக்காலம் பொருந்தாது. கோடை விடுமுறைக்கும் ஆடி அமாவாசைக்கும் இடையில் வரும் தளர்வான வாரங்களில் ஒவ்வொரு தளமாக நிறுத்திச் செய்துகொள்ளலாம். கீசர்களும் மொட்டை மாடி ஏ.சி. இணைப்புகளும் அங்கே முதலில் பார்க்க வேண்டியவை.

கடல்நீரோ வெள்ளமோ மின் அறைக்குள் வந்துவிட்டால், தண்ணீர் வடிந்ததும் மின்சாரம் கொடுத்துப் பார்ப்பது பெருந்தவறு. நீருக்குள் நின்ற எம்.சி.பி., எம்.சி.சி.பி., ஆர்.சி.சி.பி., கான்டாக்டர், ரிலே ஆகிய, மின்சாரத்தை இணைக்கவும் துண்டிக்கவும் செய்யும் கருவிகளைக் காயவைத்துப் பயன்படுத்தக் கூடாது, மாற்றியே ஆக வேண்டும், ஏனெனில் அவற்றின் உள்ளே தங்கிய உப்பு வெளியிலிருந்து தெரியாது. மோட்டார்களைக் காப்பாற்ற முடியும். கழற்றி, நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, உப்பு முழுவதும் போன பிறகு சூட்டறையில் மெதுவாக உலர்த்தி, வார்னிஷ் தோய்த்துத் தர வேண்டும். உலர்ந்தது என்று கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்ய முடியாது. ஆறிய பிறகு அளந்து, மறுநாள் காலையில் மீண்டும் அளந்து, இரண்டு முறையும் மெகர் 1 மெகா ஓமுக்கு மேல் நின்றால் மட்டுமே அந்த மோட்டாருக்கு மறுபடி மின்சாரம் கொடுங்கள்.